கடல் பாடம் நம் ஏரிக்கரைக்கு வந்த கதை



பவளம் என்று சொன்னால் நமக்கு மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல்லும் பவழ மாலையும்தான் ஞாபகம் வரும். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. நம் தமிழ்நாட்டுக் கடலில் இருப்பது வேறு வகை. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றி வேலி கட்டினது போல நிற்பவைதான் பவளப்பாறைகள். பேர்தான் பாறை, உண்மையில் அது உயிருள்ளது. இந்தச் சின்ன விஷயம் பள்ளிப் பிள்ளைகள் காதுக்கு வந்து சேர ரொம்ப காலம் ஆச்சு. அந்த வரலாற்றில் நம்மைப் போன்ற பெண்களுக்கும் பங்கு இருக்கிறது.

புத்தகத்துக்குள் இருந்த கடல்

எழும்பூர் அருங்காட்சியகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1885-இல் அதன் பொறுப்புக்கு வந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதினார். 1927-இல் குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி அதே அருங்காட்சியகம் ஒரு நூலை வெளியிட்டது. 1947-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, பிறகு மண்டபத்தில் வேலை செய்தது. எல்லாம் பெரிய வேலைதான். ஆனால் ஆங்கிலத்தில், படித்தவர்களுக்காக நடந்தது. கரையில் குடியிருந்த பிள்ளைக்கு அதில் ஒரு வரியும் போய்ச் சேரவில்லை.

அதே காலத்தில் கரையில் என்ன நடந்தது? பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் கொண்டு போனார்கள். தனுஷ்கோடிக்குப் போனால், 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் கல் பவளக்கல்தான். உடைத்தவர்களைக் குறை சொல்ல முடியாதுங்க. அன்றைய கூலி அவர்களுக்கு அதிலிருந்துதான் வந்தது. அது உயிர் என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை. ஆனால் இழப்பு பெரிது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

சட்டம் வந்தது, பாடம் வரவில்லை

1986-இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதே 1989-இல்தான் தருமபுரி மாவட்டத்தில் நம் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் பிறந்தது என்பது நமக்குத் தெரிந்ததே. 2001-இல் பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு உள்ள பாதுகாப்பு இப்போது பவளத்துக்கும் உண்டு.

சட்டம் கடுமையானதும் அடி விழுந்தது யாருக்கு? கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு. ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்து என்கிற பாசியைப் பறித்து விற்பவர்கள். அகர் என்ற கூழ்ப்பொருள் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. திடீரென்று "இங்கே வரக்கூடாது" என்றால் அவர்கள் அடுப்பு எப்படி எரியும்?

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று கூடினார்கள், அதிகாரிகளிடம் பேசினார்கள். கூடவே தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும்தான் பாசி எடுப்பது. இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது. இவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு விருது கொடுத்தது. பிழைப்பும் போகக்கூடாது, கடலும் கெடக்கூடாது என்று இரண்டையும் ஒரே கையில் பிடித்தவர்கள் அவர்கள்.

2002-க்குப் பிறகு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கிராமங்களில் குழுக்கள் அமைத்து, பெண்களுக்கு மாற்றுத் தொழிலுக்குக் கடன் தந்தது. விழிப்புணர்வு வேலையும் சேர்ந்து நடந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, அலைக்கு முன்னால் நிற்கும் வேலியின் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது. 2005 வாக்கில் பவளம் வெட்டுவது நின்றது. வயிற்றுக்கு வழி செய்து, விளக்கமும் சொன்ன பிறகுதான் சட்டம் பலித்தது.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பவளம் என்பது ஒரு சின்னஞ்சிறு பிராணி. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்ளும். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கும். அது வாடகையாக உணவைத் தரும், நிறத்தையும் தரும். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெள்ளையாக வெளிறிப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியால் செத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கதை போதும்.

இன்று கடல் பசுவைக் காக்கும் திட்டத்தில் மீனவக் குடும்பத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, அவர்களையே கடலின் தூதுவர்கள் ஆக்குகிறார்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ஒரு அமைப்பாகச் சேர்ந்து, இரவில் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

நமக்கும் கடலுக்கும் என்ன?

"நம்ம ஊர்ல ஏரிதானே இருக்கு, கடல் ஏது?" என்று கேட்கலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீர் திறந்தால் காவனூர், குன்றத்தூர், திருநீர்மலை வழியாக அடையாற்றில் சேர்ந்து, பட்டினப்பாக்கம் பக்கம் கடலில் கலக்கிறது. 2015-க்குப் பிறகு இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரோடு நாம் கால்வாயில் போட்ட பாலிதீன் கவரும் போகிறது. பவளப்பாறை நமக்குத் தூரம்தான். ஆனால் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் ஆமை தூரமில்லை; கவரை ஜெல்லி மீன் என்று நினைத்துத் தின்பதும் அதுதான்.

ஆகவே சகோதரிகளே, மூன்று காரியம் செய்யலாம். குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடனும் பேசி முடித்தபின் பத்து நிமிடம் இதைப் பேசி, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஊர்ப் பள்ளியில் தேசிய பசுமைப் படை இருந்தால், தலைமை ஆசிரியரைப் பார்த்து, ஏரிக்கரையிலிருந்து கடல் வரை தண்ணீர் போகும் பாதையைப் பிள்ளைகளை வரையச் சொல்வோம். ராமேஸ்வரம் போகிறவர்கள் பவளக்கல், காய்ந்த கடல் குதிரை எதையும் வாங்காமல் வருவோம். விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் கூலி நாட்களைக் குறைத்துக்கொண்டு கடலைக் காத்தார்கள். நாம் கடைக்குப் போகும்போது ஒரு மஞ்சப்பையை மறக்காமல் எடுத்துப்போனால் அந்த வேலையில் நம் பங்கும் சேரும்.