நட்சத்திர மீன் என்ன சாப்பிடும்? தூத்துக்குடி முத்துப் பாரிலிருந்து உங்க வீட்டுத் தொட்டி வரை

நான் இருக்கிற நாவலூர்ல, அபார்ட்மெண்ட் ஹால்ல உப்புத்தண்ணித் தொட்டி வெச்சிருக்கிற நண்பர்கள் சில பேர் எனக்கு உண்டு. ரெண்டு நீமோ மீன், ஒரு சின்ன கோபி, கொஞ்சம் கல்லு, மணல். அவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல கேட்கிற கேள்வி இதுதான்: "ஒரு நட்சத்திர மீன் வாங்கி விட்டா, என் மீனுக்கு ஏதாவது ஆகுமா?"

இந்தக் கேள்விக்கு நம்ம கடற்கரையில நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கு. ஆனா அப்போ கவலைப்பட்டவங்க மீன் வளர்த்தவங்க இல்ல. முத்துக்குச் சொந்தம் கொண்டாடினவங்க.

தூத்துக்குடிக்கு எதிர்ல மன்னார் வளைகுடாவுல கடலுக்கடியில பாறைத் திட்டுகள் இருக்கு. அதை அங்க 'பார்'னு சொல்வாங்க. முத்துச்சிப்பி ஒட்டி வளர்ற இடம் அது. முத்துக்குளிப்பு நடந்தா அரசாங்கத்துக்கு நல்ல வருமானம். ஆனா சில வருஷம் சிப்பி கொட்டிக் கிடக்கும், பல வருஷம் ஒண்ணுமே இருக்காது. ஏன்?

இதைப் பத்தி எழுதினவங்கள்ல ஒருத்தர் எட்கர் தர்ஸ்டன். 1885-ல சென்னை அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளரா வந்தவர். அவர் தூத்துக்குடிப் பக்கம் சேகரிச்ச நட்சத்திர மீன், கடல் முள்ளெலி வகைகளை லண்டன்ல ஜெஃப்ரி பெல் ஆராய்ஞ்சு 1888-ல அறிக்கை வெளியிட்டார். 1890-ல தர்ஸ்டனே முத்து, சங்குக் குளிப்பு பத்தி ஒரு நூல் எழுதினார்.

வளைகுடாவோட அந்தப் பக்கம், இலங்கையிலயும் இதே தலைவலிதான். 1891-க்கு அப்புறம் பல வருஷம் அங்க முத்துக்குளிப்பே நடக்கல. அதனால 1902-ல ஹெர்ட்மன் என்கிற விலங்கியல் பேராசிரியரை வரவழைச்சாங்க. கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாடி மதராஸ் மீன்வளத்துறையில பல வருஷம் வேலை பார்த்தவர். சிப்பியோட எதிரிகள்னு அவங்க பட்டியல் போட்டப்போ திருக்கை, கிளாத்தி, ஓட்டைத் துளைக்கிற கடற்பஞ்சு, இதுங்களோட நட்சத்திர மீனும் இருந்துச்சு.

அது எப்படிச் சிப்பியைத் திறக்குதுங்கிறதைக் கவனிங்க. கைக்கு அடியில இருக்கிற நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களால ரெண்டு ஓட்டையும் பிடிச்சு இழுக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி கிடைச்சாப் போதும். தன் இரைப்பையை வாய் வழியா வெளியே தள்ளி, அந்த இடுக்குல நுழைச்சு, சிப்பியை அங்கேயே செரிச்சிடும். கோபத்துல இதைத் துண்டு துண்டா வெட்டிக் கடல்ல வீசின அமெரிக்கச் சிப்பிக்காரங்களுக்கு அது இன்னும் பெரிய நஷ்டம். நடுவட்டத்துல கொஞ்சம் ஒட்டியிருந்த கை ஒவ்வொண்ணும் முழு நட்சத்திரமா வளர்ந்துச்சு.

சரி, இதுக்கும் உங்க தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? சிப்பியைக் காப்பாத்த நினைச்சவங்க நட்சத்திர மீனோட கலரைப் பார்க்கல. "இது என்ன தின்னும்?"னு கேட்டாங்க. கடையில நாம கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

மன்னார் வளைகுடாவுல கிடைக்கிற, சிவப்புக் குமிழ் வெச்ச பெரிய நட்சத்திர மீனை எடுத்துக்கோங்க. பேரு ப்ரோட்டோரியாஸ்டர் லிங்கி. 30 செ.மீ. வரைக்கும் வளரும். இதோட உறவுதான் 'சாக்லேட் சிப்'. சுறுசுறுப்பா நீந்துற மீனை இதுங்களால பிடிக்க முடியாது. ஆனா ஒட்டி வாழுற உயிர், சிப்பி, கடற்பஞ்சு, நோய்ல கீழ விழுந்த மீன், எதையும் விடாது. சின்னத் தொட்டிக்கு இது வேண்டாம்.

நிஜமாவே மீனைப் பிடிக்கிறது வேற ஒண்ணு. நட்சத்திர மீனோட ஒண்ணுவிட்ட உறவான பிரிட்டில் ஸ்டார்ல பச்சை நிற வகை. 1816-லயே லாமார்க் பேர் வெச்சது. உடம்பைத் தூக்கி, கைகளை வளைச்சு ஒரு கூடாரம் மாதிரி நிக்கும். நிழல்னு நம்பி சின்ன மீன் உள்ள போகும். உடனே கைகளை முறுக்கி மூடிடும். கோபி மாதிரி அடியில திரியுற மீன் வெச்சிருக்கிறவங்க பச்சையைத் தொடவே கூடாது. ஆனா கறுப்பு, பழுப்பு நிறச் சின்ன பிரிட்டில் ஸ்டார்கள் பெரும்பாலும் மிச்சம் மீதியைத் தின்னுட்டு, பகல்ல கல்லுக்கடியில ஒளிஞ்சு கிடக்கும். சின்னத் தொட்டிக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். அப்புறம் கண்ணாடியில ஒட்டித் திரியுற, விரல்நகம் அளவு ஆஸ்டெரினா. அதுவும் மீனை ஒண்ணும் பண்ணாது. தானே ரெண்டா பிரிஞ்சு பெருகும், அவ்வளவுதான்.

இப்போ இந்த வரலாற்றுல யாரும் கேட்காத பக்கம். மீனுக்கு ஆபத்தில்லாத அழகான நட்சத்திரங்கள் இருக்கே, நீல லிங்கியா, சிவப்பு ஃப்ரோமியா, மணலைச் சலிக்கிற ஆஸ்ட்ரோபெக்டன்? அதுங்களுக்குத்தான் நம்ம தொட்டி ஆபத்து. லிங்கியாவும் ஃப்ரோமியாவும் பழைய கல்லு மேல படியுற மெல்லிய உயிர்ப்படலத்தை மேய்ஞ்சு வாழுது. ஆஸ்ட்ரோபெக்டன் மணலுக்குள்ள இருக்கிற குட்டிச் சிப்பி, புழுக்களை முழுசா விழுங்கும். சின்னத் தொட்டியில அந்தச் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துடும். அதுக்கப்புறம் அது உடனே சாகாது. மாசக்கணக்கா தன் உடம்பையே கரைச்சுச் சுருங்கும். நாம "நல்லாத்தான் இருக்கு"னு நினைச்சுட்டிருப்போம்.

இன்னும் ரெண்டு விஷயம். இதோட உடம்புக்குள்ள ஓடுறதும் கிட்டத்தட்ட கடல் தண்ணிதான். அதனால உப்பு அளவு திடீர்னு மாறினா தாங்காது. பையில இருந்து அப்படியே கொட்டாம, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா கலந்து பழக்கணும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தா போடுற தாமிர மருந்து நட்சத்திர மீனைக் கொன்னுடும். நோய்வாய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாத்திட்டு மருந்து போடுங்க.

ராமேஸ்வரம் பக்கம் டூர் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கிற 21 தீவுகள் 1986-ல இருந்து கடல் தேசியப் பூங்கா. 2001-ல இருந்து பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்புல இருக்கு. தொட்டிக்குன்னு அங்க எதையும் எடுக்காதீங்க.

தூத்துக்குடிக் கரையில முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. நட்சத்திர மீனை எதிரின்னு பட்டியல் போட வேண்டிய அவசியம் இப்போ யாருக்கும் இல்ல. அடுத்த முறை கொளத்தூர் மார்க்கெட் போனா, விலை கேட்கிறதுக்கு முன்னாடி, இதோட அறிவியல் பேர் என்ன, இது என்ன சாப்பிடும்னு கேளுங்க. அந்தச் சாப்பாடு உங்க தொட்டியில இல்லேன்னா வாங்காம வந்துடுங்க.