மிருசுவிலும் மன்னிப்பும்

2020 மார்ச் 26ஆம் திகதி. கொரோனாவுக்கு அஞ்சி நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்த வேளை. இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க, ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ வழங்கிய மன்னிப்பின் பேரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். வீதிக்கு இறங்கி எதிர்ப்புத் தெரிவிக்கவும் எவராலும் முடியாத நாள் அது.

அவர் செய்த குற்றம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. 2000 டிசெம்பரில், யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் மிருசுவிலில் கைவிட்டு வந்த வீடு வாசலைப் பார்க்கச் சென்றனர். அவர்களில் எட்டுப் பேர் கொன்று புதைக்கப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தையும் அதில் அடக்கம். ஒருவர் காயத்தோடு தப்பி வந்து சொன்னதாலேயே உலகுக்குத் தெரிந்தது. தீர்ப்புக்கு 15 வருடங்கள் ஆயின. 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஒரு வருடம் கழிவதற்குள் ஒரு கையொப்பத்தோடு எல்லாம் முடிந்தது.

அப்படியானால் கொலைக் குற்றவாளியை ஒருபோதும் விடுவிக்கக் கூடாதா? இக்கேள்விக்கு ஆத்திரத்தில் பதில் சொல்வது எளிது. நமது வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது.

மரண தண்டனையை இடைநிறுத்தியது எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசு. அவரே 1959 செப்டெம்பர் 25 அன்று சுடப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அதன் பின்னர் தூக்குத் தண்டனை திரும்பக் கொண்டுவரப்பட்டது. சுட்ட தல்துவே சோமராம தேரர் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். சதி செய்த புத்தரக்கித தேரருக்கும் எச்.பி. ஜயவர்தனவுக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனையோ மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. புத்தரக்கித 1967இல் சிறையிலேயே மாண்டார். ஜயவர்தன 1977இல் விடுதலையானார். நாட்டின் பிரதமரைக் கொல்லச் சதி செய்தவரும், நீண்ட சிறைவாசத்தின் பின் வெளியே வந்திருக்கிறார்.

1976 ஜூனுக்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இந்தக் கைதிகளை என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் நம் முன்னே நிற்கிறது.

இங்கே இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பரோல் என்பதில் தண்டனை அழிவதில்லை. ஒரு சபை கைதியின் நடத்தையை ஆராய்ந்து, நிபந்தனை விதித்து, கண்காணிப்பில் வெளியே விடுகிறது. நிபந்தனையை மீறினால் மீண்டும் உள்ளே. மன்னிப்போ அரசன் காலத்து வரம். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை அதனை ஜனாதிபதியின் கையில் வைத்திருக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு ஆகியவற்றைப் பெற வேண்டும் என்கிறது அதே உறுப்புரை. அந்த வேலி எவ்வளவு உறுதியானது என்பதை அடுத்து வந்த வழக்கு காட்டியது.

2021 ஜூன் 24, பொசன் தினம். பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வா மன்னிக்கப்பட்டார். அதே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைபட்டிருந்த தமிழ்க் கைதிகள் 16 பேரும் விடுவிக்கப்பட்டனர். தமிழர் பல்லாண்டாகக் கேட்டு வந்த விடுதலை, செல்வாக்குள்ள ஒருவரின் விடுதலைக்குத் துணைக்கு வைத்த பக்கவாத்தியம் போல வந்து சேர்ந்தது. மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் நீதிமன்றம் சென்றனர். 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் செயல்களையும் கேள்விக்கு உட்படுத்த வழி திறந்திருந்தது. 2024 ஜனவரி 17 அன்று உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்துச் செய்தது. அதே ஆண்டு ஜூனில், றோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்கு மைத்திரிபால சிறிசேன 2019இல் வழங்கிய மன்னிப்பும் செல்லாது போயிற்று. அதற்குள் அந்தக் குற்றவாளி நாட்டைவிட்டே போய்விட்டார்.

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. நம் கைதிகளுக்கு விடுதலை கேட்கும் நாம், ரத்நாயக்கவுக்கு மட்டும் மறுப்பது நியாயமா என்று சிங்கள நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பயங்கரவாதத் தடைச் சட்டம் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியாக ஏற்கிறது; மிருசுவில் வழக்கிலோ உயிர் தப்பியவர் மன்றில் நேரில் சாட்சி சொன்னார். இந்த வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அதனைச் சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். எத்தனை வருடம் சிறையில் கழிந்தது, குற்றத்தை உணர்ந்தாரா, வெளியே வந்தால் பிறருக்கு ஆபத்தா, உயிரை இழந்த குடும்பம் என்ன சொல்கிறது? இவை எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும். விடையை எழுத்தில் வைக்க வேண்டும்.

அப்படி விசாரித்த பின் ஒரு கொலைக் குற்றவாளி விடுதலையானால், அவர் எந்த இனத்தவராயினும் நான் எதிர்க்க மாட்டேன். மிருசுவில் குடும்பங்கள் ஒரு தீர்ப்புக்காக 15 வருடங்கள் காத்திருந்தன. மன்னிக்கும் முன் அவர்கள் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டியிருக்க வேண்டும்.