மேற்கோள்

பிறர் நூலிலிருந்து எடுத்தாளும் வரியை இன்று மேற்கோள் என்கிறோம். பழைய தருக்கத்தில் இச்சொல் குறித்தது, நிறுவிக் காட்டுவதாக ஒருவர் ஏற்று முன்வைக்கும் கூற்று, வடமொழியில் பிரதிக்ஞை. 'மேற்கொள்' என்னும் வினையின் 'கொள்' நீண்டு 'கோள்' ஆயிற்று. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற முறையிலேயே பொருளை விரிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் அதற்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதிய சிவஞான முனிவர், தாமிரபரணிப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்.

சமூகப்பணி ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நெல்லை மாணவருக்கு இந்தப் பழம்பொருள் இன்றும் உதவும். 'பீடித் தொழிலாளர் பிரச்சினைகள்' என்பது தலைப்பு மட்டுமே. அதை யாரும் மறுக்க முடியாது. ஆகவே நிறுவவும் எதுவுமில்லை. நிறுவத்தக்க கூற்று கிடைக்க, பீடி சுற்றும் முக்கூடலில் ஒரு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மடியில் தட்டு, அளவாக நறுக்கிய இலையில் புகையிலைத் தூளைப் பரப்பி, சுருட்டி, முனை மடித்து நூல் கட்டுகிறார் ஒரு பெண். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றும் அவரையும் தொழிலாளராகவே கொண்டது. அந்த உரிமை அவர் கைக்கு எட்டுகிறதா?

'தன் பெயரில் கணக்குப் புத்தகம் இல்லாத பெண்ணுக்கு வருங்கால வைப்பு நிதி கிடைப்பதில்லை' என்று எழுதினால் அது மேற்கோள். பொய்யாகவும் போகலாம் என்பதே அதன் தகுதி. அதற்கான ஏது, இலையும் தூளும் கொடுக்கும் பீடிக்கடையின் பதிவேட்டில் கிடைக்கும்; எடுத்துக்காட்டுக்கு வீடு வீடாக நடக்க வேண்டும்.