சேலம், நாமக்கல் சமவெளியின் வட்டாரச் சொற்கள்

சேலம், நாமக்கல் சமவெளியின் பேச்சுத் தமிழ் கொங்கு வழக்கைச் சேர்ந்தது. நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பேச்சு இரண்டுக்கும் பொதுவாகவே வளர்ந்தது. இவ்வழக்கின் சொற்கள் பலவற்றுக்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது. நிலத்தையும் அதில் நடக்கும் வேலையையும் அறிந்தால்தான் அவை விளங்கும்.

'காடு' இதற்கு நல்ல சான்று. மழையை நம்பிக் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விதைக்கும் மேட்டுநிலமே இங்கே காடு. கிணற்று நீர் பாய்வது தோட்டம். வாய்க்கால் நீர் பாய்வது வயல். ஆகவே, 'காட்டுக்குப் போயிருக்காங்க' என்றால் வெள்ளாமை வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். இருபுறமும் கிளுவையோ கள்ளியோ வேலியாக நிற்க, நிலங்களுக்கு நடுவே செல்லும் வழி இட்டேரி. மாடுகளைக் கட்டும் இடம் கட்டுத்தரை.

இத்தகைய சொற்களைத் தமிழ் இலக்கணம் புறக்கணிக்கவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கைத் தொல்காப்பியம் திசைச்சொல் என வகுத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் வட்டார வழக்குகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், பல இடங்களில் எந்த வட்டாரம் என்பதை அது சுட்டவில்லை.

வட்டாரத்தைச் சுட்டும் அகராதியின் தேவையை இலக்கியம் கூர்மையாக்கியது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்துக்கென 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து வழிகாட்டினார். திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த நாவலாசிரியர் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்தது.

பொருள் காண்பதற்குச் சில வழிகள் உண்டு. முதலாவது ஒலித்திரிபு. 'ஊடு' வீடு என்பதன் திரிபு. விழாவைக் குறிக்கும் 'நோம்பி' நோன்பிலிருந்து வந்தது. இரண்டாவது பழஞ்சொல்லின் தொடர்ச்சி. சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கும் 'வட்டல்' பழைய வட்டிலே. மூன்றாவது அண்டை மொழி. அதிகம் என்னும் பொருளுடைய 'எச்சு' கன்னட 'ஹெச்சு'வோடு ஒத்தது. 1792இல் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை சேலம் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். நான்காவது பொருள் விலகல். 'பழமை பேசுதல்' இங்கே சாதாரண உரையாடல். 'பொழுது' சூரியனையும் குறிக்கும். 'பொழுதோட' என்றால் மாலையில். உறவுப்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். கொங்கில் 'அப்புச்சி' தாயின் தந்தை. செட்டிநாட்டில் 'அப்பச்சி' தந்தை.

தொழில் மறைந்தால் அதன் சொற்களும் புதிராகின்றன. எருதுகளைப் பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கருவி கவலை. கவலை இறைத்த காலத்தில் சால், தும்பி, வடக்கயிறு, வால்கயிறு என்பவை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. எருதுகள் சரிவில் இறங்கும்போது, நீர் மொள்ளும் கலமான சாலை வடக்கயிறு மேலே இழுக்கும். சாலின் அடியிலுள்ள தோல் குழாயான தும்பியை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் தும்பி வழியே நீர் கொட்டும். மின்மோட்டார் வந்தபின் கருவியும் அதன் பெயர்களும் வழக்கொழிந்தன. எனவே, வட்டாரச் சொல்லைப் பதியும்போது பொருளோடு வழங்கும் ஊர், பேசுவோர், சார்ந்த தொழில், எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகியவற்றையும் சேர்த்தே பதிய வேண்டும்.