பிழிந்த இழையும் இழுத்த இழையும்

தருமபுரி ஜில்லாவிலிருந்து பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ பிரயாணம் போன ஒருவர், பசி வேளையில் சாலையோரக் கடையொன்றில் உட்கார்ந்து, தட்டில் நூல் நூலாகக் குவிந்து வரும் பதார்த்தத்தைக் கண்டு, ‘இது சீனத்து ஆகாரம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று எண்ணுவது சகஜமே. அந்த எண்ணம் பாதிதான் சரி. ‘நூடுல்ஸ்’ என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் அந்த இழையின் பூர்வ சரித்திரத்தைச் சற்றுக் கிளறிப் பார்த்தால், அது கோதுமை வயலில் போய் நிற்காமல் தினைக் கொல்லையில் போய் நிற்கிறது.

சீன தேசத்தின் சிங்ஹாய் மாகாணத்தில், மஞ்சள் நதியின் மேற்பாங்கில், பூகம்பத்தாலும் வெள்ளத்தாலும் அழிந்துபோன லாஜியா என்னும் புராதனக் குடியிருப்பை அகழ்ந்தவர்கள், கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்தின் அடியில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் யாரோ உண்ணாமல் விட்டுப்போன இழைகளைக் கண்டார்கள். தினையும் பனிவரகும் கொண்டு செய்தவை அவை என்று 2005-இல் அறிவிக்கப்பட்டபோது ஓர் ஆட்சேபம் எழுந்தது. கோதுமை மாவில் உள்ள பசைப்புரதம் தினையில் கிடையாது. ஆகவே, கையால் இழுத்து நீட்ட முற்பட்டால் தினைமாவு அறுந்து போகுமே தவிர நூலாகாது. 2014-இல் சீன ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொன்னார்கள்: மாவைச் சூட்டால் பதமாக்கி, துளையிட்ட குழலில் இட்டு அழுத்தியிருக்கவேண்டும் என்பது அது. விவாதம் அதோடு ஓய்ந்துவிடவில்லையாயினும், நம் பாட்டிமார் யாரேனும் அந்தச் சபையில் இருந்திருந்தால், இதற்கு இத்தனை ஆண்டு யோசனை எதற்கு என்று கேட்டிருப்பார்கள்.

ஏனென்றால், ராகியும் சாமையும் விளையும் வானம் பார்த்த பூமியான தருமபுரிப் பிரதேசத்திலும், அதையடுத்த சேலம், கொங்கு நாடுகளிலும், சேவையென்றும் சந்தகையென்றும் வழங்கும் பண்டம் இந்த உபாயத்தாலேயே உருவாகிறது. ஊறவைத்து அரைத்த அரிசிமாவை இட்லி போல ஆவியில் வேகவைத்து, அல்லது உப்பிட்ட வெந்நீர் தெளித்துப் பிசைந்த ராகிமாவை உருட்டி அவித்து, அந்த உருண்டைகளைச் சூடு ஆறுமுன் நாழியில் போட்டு, ஒருவர் அதன் காலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் திருகுப்பிடியைச் சுற்ற, அடியிலிருந்து இழைகள் ஆவி பறக்க இறங்குகின்றன. உருண்டை ஆறிவிட்டாலோ, பிடியில் தொங்கினாலும் அச்சு அசையாது. பச்சைமாவைப் பிழிந்து பிறகு அவிக்கும் இடியாப்பத்திற்கும், அவித்தபின் பிழியும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தேங்காய்த் துருவலும் வெல்லமும் கலந்தோ, எள்ளுப்பொடி தூவியோ, எலுமிச்சை பிழிந்து தாளித்தோ உண்பது சம்பிரதாயம். என் அபிப்பிராயத்தில் ராகிச் சேவைக்கு வெல்லமே உத்தமம்.

இப்படிப்பட்ட பண்டத்தை வழிப்போக்கர் கடையில் வாங்கி உண்ட காலமும் தமிழ்நாட்டில் இருந்திருக்கலாம். ஆற்றுப்படை நூல்களே ஒருவகையில் பிரயாண போஜன சாஸ்திரங்கள்தாம். எந்த நிலத்தில் எவர் எதைக் கொடுத்து உபசரிப்பார் என்பதை அவை விஸ்தாரமாகச் சொல்லுகின்றன. தகடூர் என்னும் பழைய தருமபுரியை ஆண்ட அதியமானைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகப் போற்றும் சிறுபாணாற்றுப்படை ஒருபுறமிருக்க, காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கூவியர் என்னும் அப்ப வாணிகர் செய்து பாலிலிட்ட, நூல் சூழ்ந்தாற்போன்ற வட்டப் பண்டம் ஓர் உவமையாக வருகிறது. அதை இடியாப்பம் என்று கொள்வாரும் உண்டு, வேறு அப்பவகை என்பாரும் உண்டு.

எப்படியாயினும் பிற்காலத்தில் இழை வீதியை விட்டு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மருமகன் வந்தால், விருந்தினர் வந்தால், விசேஷம் வந்தால் செய்யும் பண்டமாயிற்று. தொப்பூர்க் கணவாய் ஏறிப் பயணம் போனவர் மடியில் இருந்தது கட்டுச்சோறுதான். இரண்டு பேர் உழைப்பும், அப்போதைக்கப்போது மூட்டும் அடுப்பும் வேண்டிய பதார்த்தத்தை அவசரக்காரனுக்கு விற்பது எளிதன்று. சீனத்திலோ, கோதுமை வந்து சேர்ந்தபின், ஒரே சமையற்காரன் தன் இரு கைகளால் இழுத்தும் அரிந்தும் கொதிநீரில் போட்டுக் கொடுக்கலாம் என்றாயிற்று; 1127-இல் வீழ்ந்த வட சோங் ராஜ்யத்தின் தலைநகரான கைஃபெங்கில் இழைக்கடைகள் மலிந்திருந்ததை, அந்நகரில் வாழ்ந்தவர் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகளே சொல்லுகின்றன.

நம்மவர் அந்த இழையை மறுபடியும் வீதியில் சந்தித்தது கடல் கடந்த பிறகு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஆள் திரட்டப்பட்ட ஜில்லாக்களில், அன்று தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவும் ஒன்று. 1938-இல் அத்தகைய கூலிக் குடியேற்றம் தடை செய்யப்படும்வரை அது நடந்தது. தோட்டத்துக்கு வெளியே, பட்டணத்து வீதிகளில், தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் சீனர்களின் மஞ்சள் இழையை வாங்கி, தங்கள் கைப்பாங்கில் மீ கோரெங் ஆக்கினார்கள். அகன்ற இரும்புச் சட்டி பழுத்துச் சிவந்ததும், அரைத்த மிளகாய் விழுதும், அவித்த உருளைக்கிழங்கும், சோயாக்கட்டியும், முளைப்பயறும், முட்டையும் இழையோடு சேர்ந்து புரள, இறக்கும்போது ஒரு சிற்றெலுமிச்சை. உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் சேர்ந்ததுமே அது சீனத்துக்குரியதாக இல்லாமல் போய்விடுகிறது. பர்மாவில் 1960-களில் கடைகண்ணிகள் அரசுடைமையானபின் கையில் ஒன்றுமின்றித் திரும்பிய தமிழர்களும், சென்னைக் கடற்கரைப் பக்கத்து வீதிகளில் அத்தோ விற்றுப் பிழைத்தார்கள்: இழையோடு கோஸ், வெங்காயம், புளிநீர், பூண்டெண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம்.

1965-இல் தனி ஜில்லாவான தருமபுரியில் இப்போது மாலைவேளைத் தள்ளுவண்டிகளில் புரளுவது மைதா இழை. நாழியும் திருகுப்பிடியும் பல வீடுகளில் பரண் ஏறிவிட்டன. அவற்றின் வேலையை ஆலையில் பிழிந்து உலர்த்திய ராகிச் சேமியாப் பொட்டலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உப்புநீரில் சில நிமிஷம் நனைத்து வடித்து ஆவியில் வைத்தால் ஆயிற்று. அமுக்கிப் பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டாமாகையால், வண்டிக்காரர் ஒருவரே நின்று விற்பதற்கும் தடையில்லை.