நுரையீரல் புற்றுநோய்: பயாப்சி திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். பரிசோதனையின் நம்பகத்தன்மை

நுரையீரலில் வரும் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோயில், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு பிறழ்ந்திருக்கிறதா என்று பயாப்சி திசுவில் பார்ப்பது இன்று வழக்கம். ஜெஃபிடினிப் மாத்திரைக்குச் சிலருடைய கட்டி மட்டும் வெகுவாகச் சுருங்குவதற்கு இந்தப் பிறழ்வே காரணம் என்பது 2004இல் தெரியவந்தது. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், பிறழ்வு உள்ளவர்களின் நோயைக் கீமோதெரபியைவிட மாத்திரை நெடுநாள் கட்டுக்குள் வைத்தது. பிறழ்வு இல்லாதவர்களுக்குக் கீமோவே மேலாக இருந்தது. பரிசோதனை எந்தப் பக்கம் தவறினாலும் நோயாளிக்கு நல்ல மருந்து கைநழுவிப் போகிறது.

பிழைக்குப் பெரும்பாலும் மாதிரியே காரணம். ஊசியில் வரும் திசு நூலிழை அளவுதான். அதிலும் இயல்பான செல்கள், அழற்சிச் செல்கள், செத்த திசு எல்லாம் கலந்திருக்கும். நூறு செல்களில் இருபதுதான் புற்றுச் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்லுக்கு இரண்டு மரபணுப் படிகள். புற்றுச் செல்லில் அவற்றுள் ஒன்றுதான் பிறழ்ந்தது என்றால், 200 படிகளில் பிறழ்ந்தவை 20, அதாவது 10 சதவீதம். பழைய சேங்கர் வரிசையறிதலுக்கு ஏறத்தாழ 20 சதவீதமாவது வேண்டும் என்பதால் இந்தப் பிறழ்வு அதில் தப்பிவிடும். ரியல்டைம் பிசிஆர் சில சதவீதம் இருந்தாலே காட்டிக்கொடுக்கும். ஆனால் எவற்றைத் தேட அமைத்தார்களோ அவற்றை மட்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுகளில் எக்சான் 19 நீக்கமும் எல்858ஆர் மாற்றமுமே பெரும்பான்மை. அரிய பிறழ்வுகளுக்கு விரிவான வரிசையறிதல் தேவை. எனவே புற்றுச் செல்களின் விகிதத்தைக் குறிப்பிடாத அறிக்கையில் 'பிறழ்வு காணப்படவில்லை' என்றிருந்தால், அதைப் 'பிறழ்வு இல்லை' என்று படித்துவிடக் கூடாது.

ஃபார்மலினும் கவனிக்க வேண்டியது. திசுவை அது கெடாமல் காத்தாலும் டிஎன்ஏவைத் துண்டாக்குகிறது. சைட்டோசினைச் சிதைத்து, இல்லாத பிறழ்வை இருப்பதுபோலவும் காட்டும். திசு சிறிதாக இருந்தால் இந்தப் போலி முடிவுக்கு வாய்ப்பு கூடும். எலும்பில் பரவிய கட்டியை எடுத்து, சுண்ணாம்புச் சத்தை நீக்க வன்மையான அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ பெரும்பாலும் பாழாகிவிடும்; அங்கே இ.டி.டி.ஏ. கரைசலே நல்லது.

திசுவைப் பதித்துவைக்கும் மெழுகுக் கட்டியை வீணாக்காமல் சீவுவதும் முக்கியம். நோயை வகைப்படுத்தும் சாயச் சோதனைகளுக்கே சீவல்கள் தீர்ந்துபோனால், மரபணுச் சோதனைக்காக நோயாளி மறுபடி ஊசிக்குப் படுக்க வேண்டிவரும்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைக் கொண்டு செய்யும் ஈ.ஜி.எஃப்.ஆர். சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் ஒப்புதல் தந்தது. அதில் பிறழ்வு தெரிந்தால் சிகிச்சையைத் தொடங்கலாம். தெரியாவிட்டால், கட்டி ரத்தத்தில் போதிய டிஎன்ஏவை உதிர்க்காமலும் இருந்திருக்கலாம். அப்போது திசுவில்தான் மீண்டும் பார்க்க வேண்டும்.