பெயர் சொல்லத் தெரியாத அட்டைகள்



புதிய மாணவன் ஒருவன் வகுப்பறையினுள் நுழைந்தால், அவன் பெயர் யாது, எங்கே அமர்வான் என்பவற்றை ஆசிரியர் கேட்டறிந்து பதிவேட்டிற் குறித்துக்கொள்கிறார். கணினியினுள் புதிய அட்டையொன்றைச் செருகும்போதும் இக்கேள்விகளே எழுகின்றன. கலைப் பட்டதாரியாகிய நான் இதிற் கருத்துச் செலுத்தியதற்குக் காரணம் தண்ணீரூற்றில் ஒரு மாணவி கேட்ட கேள்வியே. பழைய ஒலி அட்டையொன்றைக் கையிலேந்தி வந்த அவள், “இது இருப்பதைக் கணினி எப்படி அறியும்?” என வினவினாள். அதற்கு விடை தேடப் புகுந்தபோது ஒரு வரலாறே விரிந்தது.

1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் அட்டைகளைச் செருகுவதற்கு 5 பொருத்துவாய்கள் இருந்தன. அதன் அமைப்பு யாவரும் அறிய வெளியிடப்பட்டமையால், பல நிறுவனங்கள் அட்டைகளைச் செய்து விற்றன. ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு வேண்டும்: ஒன்று, செயலி அதனுடன் பேசுதற்குரிய வாயில் எண், மற்றொன்று, அது செயலியை அழைத்தற்குரிய கம்பி. அழைப்புக் கம்பிகள் எட்டே. அவற்றுள்ளும் சிலவற்றை விசைப்பலகை முதலியன முன்னரே பற்றிக்கொண்டன. 1984 இல் வந்த அடுத்த கணினியில் அவை 15 ஆயின.

அட்டைக்கோ தன் பெயரைச் சொல்லத் தெரியாது. அதன்மீதுள்ள ஊசிகளில் ஜம்பர் எனும் சிறு மூடிகளை மாற்றிச் செருகி, வாயிலையும் கம்பியையும் மனிதரே நிச்சயித்தனர். பின்னர் அதே எண்களைச் செலுத்தி மென்பொருளுக்கும் எழுதிக் கொடுத்தனர். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைக்கு 220 என்பது வழக்கமான வாயில். இரண்டு அட்டைகள் ஒரே கம்பியைப் பற்றினால் ஒன்று ஊமையாகும். சிலவேளை கணினியே உறைந்து நிற்கும். கைந்நூல் தொலைந்துவிட்டாலோ, எந்த மூடி எதற்குரியது என்பதை ஊகித்தே அறியவேண்டும்.

எழுதிக் கொடுப்பார் இல்லாதவிடத்துச் செலுத்தி யாது செய்யும்? வாயில்களைத் தட்டிப் பார்க்கும். ஒலி அட்டையின் வாயிலெனக் கருதுமிடத்திற்கு ஒரு கட்டளையை அனுப்பிச் சற்றே காத்திருக்கும்; எதிர்பார்த்த எண் திரும்பி வந்தால் அட்டை உண்டெனக் கொள்ளும். ஆனால், அவ்வாயிலில் வேறோர் அட்டை இருந்தால்? ஒன்றுக்கு வெறுங் கேள்வியாவது, மற்றொன்றுக்கு விபரீதக் கட்டளையாகிவிடக்கூடும். ஆதலால், 1991 இல் தோன்றிய லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமையை வளர்த்தோர், குறித்த வாயில்களைத் தட்டாதே என முன்கூட்டியே கட்டளையிடவும் வழி வைத்தனர்.

1987 இல் ஐ.பி.எம். நிறுவனம் அட்டைதோறும் அடையாள எண் பொறித்த புதிய ஒழுங்கொன்றைக் கொண்டுவந்தது. ஆனால் பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. காசு கொடுத்து வாங்கியவற்றை யார்தான் எறிவர்? எனவே பழைய பொருத்துவாயிலேயே ஒழுங்கு காணவேண்டியதாயிற்று. அவ்வழியை இன்டெல், மைக்ரோசொப்ட் ஆகிய நிறுவனங்கள் 1993 இல் வகுத்து வெளியிட்டன.

அதன் நுட்பம் வியக்கத்தக்கது. எல்லா அட்டைகளும் ஒரே கம்பித்தொகுதியிற் பேசுவன. ஒருங்கே பேசினால் எதுவும் விளங்காது. ஆகையால் 32 எண்கள் கொண்ட குறிப்பொலி போன்றதொரு வரிசையைக் கணினி அனுப்புகிறது. அது கேட்டுப் புதிய அட்டைகள் விழிக்கின்றன. ஒவ்வொன்றும் 72 இலக்கங் கொண்ட தன் அடையாளத்தை ஒன்றும் பூச்சியமுமாகச் சொல்லத் தொடங்குகிறது. ஒன்று எனும் இலக்கம் உடைய அட்டை குரல் கொடுக்கும். பூச்சியம் உடையது வாய்மூடிச் செவிசாய்க்கும். பிறர் குரல் கேட்டால், அச்சுற்றில் அது விலகிவிடும். இறுதியில் எஞ்சுவது ஒன்றே. அதற்கு ஓர் இலக்கம் வழங்கப்படும். பின்னர் மற்றவற்றுக்காகச் சுற்று மீண்டும் தொடங்கும். அனைத்தும் பெயர் பெற்றபின், அவற்றின் தேவைகளை வாசித்து, மோதலின்றி வாயிலும் கம்பியும் பகிரப்படும்.

1995 ஆகஸ்ட் 24 ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95 இவ்வழியைப் பரவலாக்கிற்று. பழைய அட்டைகளை அதுவும் தட்டியே அறிந்தது. எனினும், தட்டப்போகும் இடத்தை முன்னரே குறித்துவைத்தது. கணினி உறைந்து, மீண்டும் இயக்கப்பட்டால், அக்குறிப்பைப் பார்த்து அவ்விடத்தைத் தவிர்த்துச் சென்றது.

2000 ஆம் ஆண்டையொட்டி அப்பொருத்துவாய்கள் புதிய கணினிகளிலிருந்து மறைந்தன. மாணவி கொணர்ந்த அட்டையைச் செருக இன்றைய கணினியில் இடமில்லை. ஆயினும் அவள் கேள்வி என்னை விட்டகலவில்லை. 2009 ஆம் ஆண்டின் பின்னர், இடப்பெயர்விற் சான்றிதழ்களை இழந்த பிள்ளைகள் எம் வாயிலில் வந்து நின்றனர். சிலருக்குத் தம் பிறந்த தேதியும் தெரியாது. பதற்றமின்றி, ஒவ்வொருவராய்க் கேட்டு, எஞ்சியோர் குரலுக்குக் காத்திருந்தே பதிவேட்டை நிரப்பினோம். இருப்பவரை அறிதற்கு அதுவன்றி வேறு வழியில்லை.